விறகு வெட்டியவரின் மகன்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் காட்டுத்தீயைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதியபோது, தீயை அணைப்பதிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த எலர்ஸ் கோக் என்ற அமெரிக்க வன அலுவலர், தம் ஐம்பத்து நான்காம் வயதில், செய்ததெல்லாம் பெரும் பிழையோ என்று பொதுவெளியில் கேட்டார் என ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். அவற்றிலிருந்து எடுத்த கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

மதுரை வாசகி ஒருவர்: ஐயா, வணக்கம். எலர்ஸ் கோக் என்ற பெயரைப் பார்த்தால் ஆங்கிலப் பெயராகத் தோன்றவில்லை. அவருடைய பெற்றோர் எங்கிருந்து வந்தவர்கள்? வசதியான குடும்பமா?

நீங்கள் ஐயுற்றது சரிதான் அம்மா. அவருடைய தந்தை பீட்டர் கோக் 1844இல் டென்மார்க்கில் பிறந்து, இருபதுகளில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பல ஊர் அலைந்து, அப்போது மாநிலமாகக்கூட ஆகாதிருந்த மான்டானாவுக்குச் சென்று சேர்ந்தார். மிசூரி ஆற்றோடு மசில்ஷெல் ஆறு கலக்கும் இடத்தில், 1869–70ஆம் ஆண்டுகளில், அவர் பார்த்த வேலை விறகு வெட்டுவது. மிசூரியில் அந்நாளில் ஓடிய நீராவிப் படகுகள் ஒரு நாளைக்கு இருபத்தைந்து முப்பது அடுக்கு விறகை எரித்துத் தீர்க்கும். நான்கு அடி உயரம், நான்கு அடி அகலம், எட்டு அடி நீளத்துக்கு அடுக்கினால் அது ஓர் அடுக்கு. ஆற்றங்கரையில் விறகை அடுக்கி வைத்துக்கொண்டு படகு வரும் திசையைப் பார்த்துக் காத்திருப்பது ஒரு பிழைப்பாகவே இருந்தது.

அந்தக் காலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றிரண்டு வரிக்கு மேல் கிடையாது. கையில் கொப்புளம் வந்ததும், கோடரிக் காம்பு முறிந்ததும் முதல் நாளின் செய்தி. சில நாள் கழித்து, தமக்கு இருபத்தைந்து வயது நிறைந்ததையும், தாம் எலியைப் போல் ஏழையாக இருப்பதையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, வெட்டிய மரம் தங்கள் குடிசையின் மேலேயே விழுந்ததையும் சேர்த்துக்கொள்கிறார். (ஏழ்மைக்கு எலியை உவமை சொல்வது அவர்கள் வழக்கம். நம் ஊர் எலி வளைக்குள் நெல் சேர்த்து வைத்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.)

ஆனால் நான் இங்கே சொல்ல விரும்புவது அடுத்த ஆண்டு மே மாதத்துக் குறிப்பைத்தான். குளிர்காலம் முழுவதும் வெட்டிய விறகு 170 அடுக்கு ஆற்றங்கரையில் நிற்கிறது. வேண்டாத கிளைகளையும் சருகுகளையும் குவித்துக் கொளுத்துகிறார்கள். தீ கைமீறிப் பரவி 50 அடுக்கு விறகு சாம்பலாகிறது. அணைத்து முடிக்கையில் ஆட்களுக்கு நிற்கவும் தெம்பில்லை, உண்ணவும் ஒன்றுமில்லை. நான்கு நாள் கழித்துக் காற்றின் திசை மாற, அணைந்ததாக எண்ணிய தீ மீண்டும் கிளம்பி இன்னும் 20 அடுக்கைத் தின்கிறது. மிஞ்சியதை விற்கலாம் என்றால், படகு நள்ளிரவில் நிற்காமலே போய்விடுகிறது. காட்டுத்தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றிப் பின்னாளில் மகன் கற்ற பாடம் அத்தனையும் தந்தையின் இந்த நான்கைந்து வரிகளில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பிறகு பீட்டர் கோக் போஸ்மன் என்ற ஊரில் நிலைகொண்டு, வங்கிப் பணியில் உயர்ந்து, அங்கே 1893இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரியை உருவாக்கியவர்களுள் ஒருவராகவும் ஆனார். எலர்ஸ் 1880இல் போஸ்மனில் பிறந்தபோது குடும்பம் வறுமையைக் கடந்துவிட்டது. ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை, மகனுக்கு வசதி இருந்தது, தந்தைக்கு இல்லை என்பதே.

கோத்தகிரி வாசகர்: அமெரிக்க வனத்துறை நம் நாட்டு வனத்துறையைப் பார்த்து உருவானது என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். இது உண்மையா, மேடைப் பேச்சா?

பாதி உண்மை. எலர்ஸ் கோக் படித்தது யேல் பல்கலைக்கழகத்தின் வனவியல் பள்ளியில். 1903இல் அங்கே முதுநிலைப் பட்டம் பெற்றார். அந்தப் பள்ளி 1900இல் பின்ஷோ குடும்பத்தின் நன்கொடையால் தொடங்கப்பட்டது. அக்குடும்பத்தின் மகனான கிஃபர்ட் பின்ஷோதான் பின்னர் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். அவரும் புலம்பெயர்ந்த வழியினரே, பாட்டனார் பிரான்சிலிருந்து வந்தவர். பின்ஷோ இளைஞராக ஐரோப்பா சென்று வனவியல் கற்றபோது அவருக்கு வழிகாட்டிய ஆசான் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர்.

இந்தப் பெயர் நமக்கு அந்நியமானதன்று. பிராண்டிஸ் 1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்று, 1864இல் இந்திய வனங்களின் முதல் தலைமை ஆய்வாளரானவர். சென்னை மாகாணத்துக்கு மட்டும் தனியாக ஒரு வனச்சட்டம் வேண்டும் என்ற விவாதம் நெடுநாள் நடந்துகொண்டிருந்தபோது இங்கே வந்து காடுகளைச் சுற்றிப் பார்த்து நிர்வாக யோசனைகள் எழுதியவரும் அவரே. 1882இல் வந்த அந்தச் சட்டம்தான் பெயர் மாறித் தமிழ்நாடு வனச்சட்டமாக இன்றும் நம் காப்புக்காடுகளை ஆள்கிறது. ஆகவே கோக் பெற்ற பயிற்சியில், காட்டை அளப்பது, எல்லை போடுவது, தீயைத் தடுப்பது என்ற அடிப்படைகளில் பர்மாத் தேக்கின் வாசனையும் கொஞ்சம் இருந்தது என்று சொல்லலாம். ஆனால் அமெரிக்க வனத்துறை இந்தியத் துறையின் நகல் என்று சொன்னால் அது மேடைப் பேச்சுதான். அங்கே பிரெஞ்சு, ஜெர்மானிய முறைகளும், உள்ளூர் அரசியலும் இதைவிடக் கூடுதலாக வேலை செய்தன.

திண்டுக்கல் வாசகர்: அவரை ஃபாரஸ்டர் என்கிறீர்கள். நம் ஊரில் ஃபாரஸ்டர் என்றால் வனவர். அவர் அந்தப் பதவியில்தான் இருந்தாரா?

இல்லை. நம் துறையில் வனக்காப்பாளர், அவருக்கு மேல் வனவர், அவருக்கு மேல் வனச்சரகர் என்று ஏணி இருக்கிறது. அங்கே ஃபாரஸ்டர் என்ற சொல் வனவியல் படித்துப் பட்டம் பெற்றவரைக் குறிக்கும். கோக் 1907இல் வகித்த பதவியை நம் கணக்கில் சொன்னால் மாவட்ட வன அலுவலருக்கு நிகர் எனலாம்.

சத்தியமங்கலத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்: வனத்துறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன் சார். அந்தக் காலத்தில் அங்கே தேர்வு எப்படி இருந்தது? அவர் என்ன வேலை செய்தார்?

தம்பி, உங்கள் தேர்வைவிட அது கடினமா எளிதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 1905 பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புக்காடுகள் உள்துறையிடமிருந்து வேளாண் துறைக்கு மாறின. அதுவரை அரசியல் சிபாரிசில் வேலைக்கு வந்த வனக்காவலர்கள் பலருக்குக் காட்டுக்குள் ஓர் இரவு தங்கத் தெரியாது என்பது அந்நாளைய புகார். எனவே பின்ஷோவின் ஆட்கள் நேர்முகமாகச் செய்து காட்டும் தேர்வை வைத்தார்கள். எழுத்துத் தேர்வும் உண்டு. ஆனால் ஆளை எடைபோட்டது வெளியே நடந்த தேர்வுதான். கோடரியால் மரத்தைச் சொன்ன பக்கம் விழுத்தாட்ட வேண்டும், காலடி எண்ணித் தொலைவைச் சொல்ல வேண்டும், திசைகாட்டி வைத்து எல்லை ஓட்ட வேண்டும், குதிரை ஏற வேண்டும், பொதி கட்ட வேண்டும். மான்டானாவில் தேர்வெழுதியவர் ஒரு வேளை உணவைச் சமைத்து அதைத் தாமே உண்டு காட்ட வேண்டும் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

இவற்றில் பொதி கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. குதிரையின் முதுகில் மரத்தாலான சேணத்தை வைத்து இரண்டு பக்கமும் சுமையைத் தொங்கவிடுவார்கள். ஒரு பக்கம் மாவு மூட்டையும் மறுபக்கம் கருவிகளும் இருந்தால், எடை இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும், சில கிலோ மாறினாலும் சேணம் மெல்லச் சரிந்து குதிரையின் முதுகைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். மேலே கூடாரத் துணியைப் போர்த்தி, ஒரே கயிற்றை முன்னும் பின்னுமாக ஓட்டி இறுக்கினால், சுமையின் உச்சியில் கயிறு வைர வடிவில் விழும். அந்த முடிச்சுக்கே வைர முடிச்சு என்று பெயர். சரியாகப் போட்டால் எட்டு மணி நேரம் மலையேறினாலும் அசையாது. தவறாகப் போட்டால், செங்குத்துச் சரிவில் பாதி வழியில், குதிரையின் வயிற்றுக்குக் கீழே உங்கள் ஒரு மாதச் சாப்பாடு தொங்கும்.

கோக் செய்த வேலைக்கு வருகிறேன். படிப்பை முடித்த கையோடு அவரை மேற்குப் பகுதிக்கு அனுப்பினார்கள். எந்த மலைத்தொடரைக் காப்புக்காடாக அறிவிக்கலாம், எல்லை எங்கே செல்ல வேண்டும் என்று குதிரையில் சுற்றிப் பார்த்து வரைபடம் போட்டுத் தருவதே பணி. நம்பத்தக்க வரைபடம் எதுவும் இல்லாத மலைகளில், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞர் ஒருவர் ஒரு முகட்டில் நின்று பென்சிலால் இழுத்த கோடு, பின்னர் சட்டபூர்வமான எல்லையாக நின்றது. அதிலும் 1907இல் நடந்தது ஒரு வேடிக்கை. ஆறு மேற்கு மாநிலங்களில் இனிமேல் குடியரசுத் தலைவர் தாமாகக் காப்புக்காடு அறிவிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் ஒரு சட்டத்தில் விதி நுழைத்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டும் பின்ஷோவும், சட்டத்தில் கையெழுத்திட வேண்டிய கெடு முடிவதற்குள் இரவு பகலாக உட்கார்ந்து, 1.6 கோடி ஏக்கரைக் காப்புக்காடுகளாக அறிவித்தார்கள். அதன்பின்தான் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். கோக் போன்றவர்கள் முன்னரே வரைந்து அனுப்பிய எல்லைகள் கையில் இல்லாதிருந்தால் இந்த விரைவு நடந்திருக்காது. மேசையில் உட்கார்ந்திருந்தவர்களின் துணிவை வரலாறு புகழ்கிறது. குதிரை மேல் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர் அந்தக் கதையில் அவ்வளவாக வருவதில்லை.

அந்த ஆண்டே மிசூலா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு லோலோ உள்ளிட்ட காடுகளுக்கு அவர் பொறுப்பேற்றார். ஹாகன் என்ற சிற்றூருக்கு அருகே, ஜெர்மானியர் ஒருவர் குடியேறிப் பின் கைவிட்ட நிலத்தைப் பார்த்து, நீரும் மண்ணும் சமதளமும் ஒருங்கே அமைந்ததால் அங்கே ஒரு நாற்றங்கால் அமைத்தார். அந்தக் குடியேறியின் பெயரே திரிந்து இடத்துக்கும் ஒட்டிக்கொள்ள, அது சாவெனாக் நாற்றங்கால் ஆயிற்று. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

தேனி வாசகர்: 2018இல் குரங்கணியில் 23 பேரைப் பறிகொடுத்த மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். 1910ஆம் ஆண்டுத் தீயில் அவர் இருந்தார் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அப்போது என்னதான் நடந்தது? அத்தனை பேர் ஏன் இறந்தார்கள்?

உங்கள் ஊரிலிருந்து வரும் இந்தக் கேள்விக்கு அவசரமாக விடை சொல்ல எனக்கு மனமில்லை.

1910இல் இளவேனிலிலேயே மழை பொய்த்தது. பக்கத்து மாநிலமான இடாஹோவுக்கும் மான்டானாவுக்கும் இடைப்பட்ட மலைகளில் கோடையில் மின்னலும், அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்த இரயில் பாதையில் ஓடிய எஞ்சின்களின் தீப்பொறியும், மரம் வெட்டுவோரும் நிலம் திருத்துவோரும் வைத்த நெருப்பும் சேர்ந்து, ஆகஸ்டுக்குள் 1,700க்கும் மேற்பட்ட தீக்களை உண்டாக்கின. துறை தொடங்கி ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. பாதை கிடையாது, தொலைபேசிக் கம்பி மிகக் குறைவு. நகரத்து மதுக்கடைகளிலும் இரயில் நிலையங்களிலும் வேலை தேடி நின்றவர்களையெல்லாம் திரட்டி, ஏறத்தாழ பத்தாயிரம் பேரை மலைக்கு அனுப்பினார்கள். படையையும் அழைத்தார்கள். கருப்பின வீரர்களைக் கொண்ட 25ஆம் காலாட்படையின் பிரிவுகள் அதில் இருந்தன. கோக் தம் காட்டுக்கு ஆளும் உணவும் கருவியும் அனுப்பும் பொறுப்பில் இருந்தார்.

ஆகஸ்டு நடுவில், பெரும்பாலான தீக்கள் கட்டுக்குள் வந்துவிட்டதாகவே நம்பினார்கள். ஆகஸ்டு 20ஆம் தேதி பிற்பகல், தென்மேற்கிலிருந்து சூறாவளி வேகத்தில் காற்று கிளம்பியது. தனித்தனியாகப் புகைந்துகொண்டிருந்தவை இரண்டு நாளில் ஒன்றாகி, சுமார் 30 லட்சம் ஏக்கரை எரித்தன. தமிழ்நாட்டின் பரப்பைப் பதினொன்றாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. எண்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களில் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்றவர்கள்.

ஏன் இறந்தார்கள் என்று கேட்டீர்கள். குரங்கணியில் சிக்கியவர்கள் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள், இவர்கள் கூலிக்குச் சென்றவர்கள். ஆனால் சரிவில் கீழிருந்து மேலே ஏறும் தீ, மனிதன் ஏறும் வேகத்தைப் பலமடங்கு மிஞ்சும் என்ற ஒன்று இரண்டு இடத்துக்கும் பொது. உயிர் தப்பியவர்கள் பெரும்பாலும் முன்பே எரிந்து முடிந்த கருநிலத்துக்கோ, ஓடைக்கோ, சுரங்கத்துக்கோ போய்ச் சேர்ந்தவர்கள். வாலஸ் நகரத்தருகே எட் புலாஸ்கி என்ற வனச்சரகர், தம்மிடம் இருந்த நாற்பத்தைந்து பேரைக் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் இட்டுச் சென்று, எவரும் வெளியே ஓடாதபடி வாயிலில் துப்பாக்கியோடு நின்றார். புகையில் எல்லாரும் மயங்கி விழுந்தனர். ஐந்தாறு பேர் இறந்தனர், மற்றவர்கள் விடியலில் தவழ்ந்து வெளியே வந்தனர். ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் களைக்கொத்துமாக இன்று உலகெங்கும் தீயணைப்போர் கையில் இருக்கும் கருவி அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

கோக்கின் பகுதியில் டாஃப்ட், டிபோர்ஜியா, ஹாகன் ஆகிய ஊர்கள் எரிந்தன. மூன்றாண்டு வளர்த்த சாவெனாக் நாற்றங்காலும் எரிந்தது. அதை அவர் மறுபடி கட்டினார். எரிந்த மலைகளில் நடுவதற்கு நாற்று அங்கிருந்துதான் போக வேண்டியிருந்தது. தீயில் நின்று மீண்டவர்கள் சொன்னதையும் எழுதியதையும் அவர் விடாமல் சேகரித்து, முப்பதாண்டுக்குப் பின், 1942இல் தொகுத்தார். அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் பல கூலியாட்களின் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

புதுச்சேரி வாசகர்: இத்தனையும் பட்டவர், தீயை அணைத்ததே பிழை என்று எப்படி எழுதினார்? இறந்தவர்களை அவமதிப்பதாக இல்லையா?

முதலில் ஒரு திருத்தம். தீயை அணைத்ததே பிழை என்று அவர் எழுதவில்லை. எங்கும், எல்லாத் தீயையும், எந்தச் செலவிலும் அணைக்க வேண்டுமா என்றுதான் கேட்டார்.

1910இன் தீயைப் பார்த்தவர்களில் மிசூலா அலுவலகத்தில் இருந்த வில்லியம் கிரீலியும் ஃபெர்டினன்ட் சில்காக்ஸும் பின்னாளில் வனத்துறையின் தலைமைக்கு வந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம், பாதையும் ஆளும் பணமும் போதிய அளவு இருந்தால் தீயை ஒழித்துவிடலாம் என்பது. அடுத்த இருபத்தைந்தாண்டு அப்படியே நடந்தது. மலைமுகடுகளில் கண்காணிப்புக் கூண்டுகள் எழுந்தன, தொலைபேசிக் கம்பிகள் ஓடின, பொருளாதார மந்த நிலையில் வேலையிழந்த இளைஞர்களைக் கொண்டு காட்டுச்சாலைகள் போடப்பட்டன. கோக்கும் இந்த முயற்சியின் நடுவில் இருந்தவரே, வட்டார அளவில் தீத்தடுப்புப் பொறுப்பையும் ஏற்றிருந்தார்.

அப்படிப் போடப்பட்ட சாலைகளில் ஒன்று லோலோ பாதையின் மேலே வந்தது. பிட்டர்ரூட் மலைகளைக் கடக்கும் அந்த முகட்டு வழி நெஸ் பெர்ஸ் என்ற பழங்குடி மக்கள் காலங்காலமாக நடந்தது. 1805இல், மேற்குப் பகுதியைக் கண்டறியச் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினர் பசியோடு கடந்ததும், 1877இல் படை துரத்த நெஸ் பெர்ஸ் தலைவர் ஜோசப் தம் மக்களோடும் குதிரைகளோடும் கடந்ததும் அதே வழிதான். 1930களில் மண் தள்ளும் எந்திரம் அதன்மேல் ஓடியது. 1934 கோடையில் அதை அடுத்த செல்வே பகுதியில் மின்னலால் மூண்ட தீக்கள், அத்தனை சாலைக்கும் ஆளுக்கும் அடங்காமல், ஏறத்தாழ 2.5 லட்சம் ஏக்கரை எரித்துவிட்டு, இலையுதிர்கால மழை வந்த பிறகே ஓய்ந்தன.

1935 பிப்ரவரியில் வனவியலாளர்களின் தொழில்முறை இதழில் கோக் எழுதிய கட்டுரை, லோலோ பாதை இனி இல்லை என்று தொடங்குகிறது. ஜோசப்பின் குதிரைகளுடைய குளம்புத் தடத்தை எந்திரத்தின் அலகு பெயர்த்துவிட்டது என்கிறார். அதற்குப் பின் அவர் வைப்பது கணக்கு. அந்தக் காட்டில் மரத்தின் விலை, அதைக் காக்கும் செலவில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஈரமான ஆண்டில் தீ தானாக அணைகிறது, வறண்ட ஆண்டில் நாம் அணைத்தாலும் அணைவதில்லை. சாலை போடாமல், கம்பி இழுக்காமல், அந்த உள்மலைகளை அவற்றின் போக்கில் விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்? மேற்குச் சமவெளிகளின் நல்ல புல்தரையை உழுது பாழாக்கியதைப்போல இதுவும் ஒரு பயங்கரமான பிழையாக இருக்குமோ என்ற அவருடைய வினாவில், அந்த ஆண்டுகளில் நாட்டையே மூடிய புழுதிப் புயல்களின் நினைவு இருந்தது.

வாஷிங்டன் தலைமையகத்திலிருந்து ஏர்ல் லவரிட்ஜ் இதற்கு மறுப்பு எழுதினார். மறுப்பு அதோடு நிற்கவில்லை. அந்த ஆண்டிலேயே தலைவர் சில்காக்ஸ், எந்தத் தீயானாலும் அது கண்ணில் பட்ட மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுக்குள் வர வேண்டும் என்று ஆணையிட்டார். பத்து மணி விதி என்று பெயர் பெற்ற அது, அடுத்த நாற்பதாண்டுக்கும் மேலாக அமெரிக்கக் காடுகளை ஆண்டது. கோக்கின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான 'இல்லை' கிடைத்திருக்க முடியாது. ஆனால் அவரை யாரும் பணியிலிருந்து நீக்கவுமில்லை, அவரும் விலகவில்லை. 1903இல் தொடங்கிய பணியை நாற்பதாண்டு முடித்தே ஓய்வு பெற்றார்.

இறந்தவர்களை அவமதித்தாரா என்ற உங்கள் கேள்வியை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஆயிரக்கணக்கானோரை மலைக்கு அனுப்பிய அலுவலர்களில் ஒருவர், அவர்களை அனுப்பியது தேவைதானா என்று கணக்குப் பார்ப்பது அவமதிப்பு ஆகாது. பார்க்காமல் அடுத்த ஆண்டும் அனுப்புவதைத்தான் நான் அவமதிப்பு என்பேன். என்னோடு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து வாசகி: டென்மார்க்கிலிருந்து வந்த குடும்பம், அரசாங்கக் காடு என்றெல்லாம் எழுதுகிறீர்கள். அந்த மண் யாருடையது? அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே.

கேட்க வேண்டிய கேள்வி. பீட்டர் கோக்கின் நாட்குறிப்பிலேயே, 1870 ஜூலை 4ஆம் நாள், மரங்களின் மறைவிலிருந்து சுட்ட பழங்குடியினரைத் திருப்பிச் சுட்டு விரட்டியதும், இறந்து கிடந்த இளம் வீரன் ஒருவனின் வில்லையும் அம்பையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு உடலை ஆற்றில் எறிந்ததும் எழுதப்பட்டிருக்கின்றன. கொப்புளத்தையும் முறிந்த காம்பையும் எழுதிய அதே நடை. வாசிக்கும்போது கை நின்றுவிடும். பிட்டர்ரூட் பள்ளத்தாக்கின் சாலிஷ் பழங்குடி மக்கள், தலைவர் சார்லோவோடு, 1891இல் ஊரை விட்டு வடக்கே, பழங்குடியினருக்கென்று அரசு ஒதுக்கிய நிலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். பதினாறே ஆண்டு கழித்து அந்த மலைகளின் வன அலுவலராக கோக் வந்தார். மின்னல் மட்டுமன்றி அம்மக்களும் பருவம் பார்த்துத் தீ வைத்துக் காட்டின் அடிப்புதரைத் திருத்தி வந்தனர். அவர்கள் போன பிறகு சேர்ந்த சருகும் புதரும் பின்னாளையத் தீக்களுக்கு இரையாயின. காட்டை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்ற கோக்கின் யோசனையைப் படிக்கும்போது, அந்தப் போக்கை உருவாக்கியதில் இவர்களுக்கும் கை இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திருச்சி வாசகர்: அவர் சொன்னது சரியென்று யாராவது ஒப்புக்கொண்டார்களா?

அவர் இருந்தவரை இல்லை. 1954இல் காலமானார். 1964இல், சாலை போடாமல் காட்டை அதன் இயல்பிலேயே காக்க வகைசெய்யும் வனாந்தரச் சட்டம் வந்தபோது, அவர் சாலை போடாதீர்கள் என்று மன்றாடிய மலைகளில் பெரும்பகுதி செல்வே–பிட்டர்ரூட் வனாந்தரமாகக் காக்கப்பட்டது. அதே வனாந்தரத்தில், வைட் கேப் என்ற ஓடைப் பகுதியில், 1972இல் மின்னலால் மூண்ட ஒரு தீயை வனத்துறையினர் அணைக்காமல், பக்கத்தில் இருந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டே எரிய விட்டனர். அது பத்து மணி விதிக்கு அறிந்தே கொடுத்த விலக்கு. 1978இல் அந்த விதியே கைவிடப்பட்டது. கோக்கின் நினைவுக் குறிப்புகள் அச்சில் வந்தது 1998இல்தான்.

சென்னை வாசகி: என் மகன் சியாட்டிலில் இருக்கிறான். இந்தக் கோடையில் போகிறேன். இந்த இடங்களைப் பார்க்க முடியுமா?

தாராளமாக அம்மா. சியாட்டிலிலிருந்து கிழக்கே 90ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் எல்லாம் வழியிலேயே வரும். முதலில் இடாஹோவில் வாலஸ் நகரம். ஊரை ஒட்டியே புலாஸ்கியின் சுரங்கத்துக்கு நடைபாதை இருக்கிறது, போக இரண்டு மைல், வர இரண்டு மைல், ஏற்றம் உண்டு என்பதால் முழங்கால் வலி இருந்தால் பாதியில் உட்கார்ந்து ஓடையைப் பார்த்துத் திரும்புங்கள். கணவாயைக் கடந்து மான்டானாவுக்குள் இறங்கினால், 16ஆம் எண் வெளிவழியில் ஹாகன். சாவெனாக் நாற்றங்கால் அங்கேதான். ஆண்டுக்குப் பல லட்சம் நாற்று கொடுத்து நாட்டின் பெரிய நாற்றங்கால்களுள் ஒன்றாக விளங்கி, 1969இல் மூடப்பட்டது. கட்டடங்களை இன்றும் பராமரிக்கிறார்கள், அவற்றைச் சுற்றி நாற்றாக நின்று பெரிதான மரங்களைப் பார்க்கலாம். லோலோ பாதையின் மேல் போட்ட அந்த முகட்டுச் சாலைக்குப் போகும் எண்ணமிருந்தால் ஜூலைக்கு முன் வேண்டாம், பனி உருகியிருக்காது. ஒற்றை வண்டி போகும் அகலத்தில், கல்லும் குழியுமாக இருக்கும். மகனுடைய கார் தாழ்ந்ததாக இருந்தால் உயரமான வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பெட்ரோலை நிரப்பிக்கொண்டு மலையேறுங்கள், மேலே கடை கிடையாது.